நீலன் படித்த சட்டம்

என் அக்காவின் மகளுக்குச் சட்டபீடம் கிடைத்த செய்தி வந்த அன்று வீட்டில் சந்தோசத்தைவிடக் கதைதான் கூடுதலாக நடந்தது. அக்காவின் வீடு கல்லடியில், வாவியைப் பார்த்தபடி இருக்கிறது. விறாந்தையில் சொந்தக்காரர் எல்லோரும் கூடியிருந்தார்கள். கலைப் பிரிவில் படித்து இப்படி ஓர் இஸட் புள்ளி எடுத்தவள் ஆசிரியத் தொழிலுக்குப் போனால் ஊரோடு இருக்கலாம் என்றார் ஒரு மாமா. நான்கு வருடம் பட்டம் படித்தாலும் கறுப்புக் கோட்டுப் போட முடியாது, அதற்குப் பிறகும் சட்டக் கல்லூரிப் பரீட்சை, பயிற்சி என்று இழுபடும் என்றார் இன்னொருவர். எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த பெரியம்மா கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். இத்தனை வருடத்தில் சட்டம் தனக்கு என்ன செய்தது, இவள் அதைப் படித்து என்ன செய்யப் போகிறாள் என்று. அதற்குப் பிறகு விறாந்தையில் யாரும் கதைக்கவில்லை.

பெரியப்பா 1990இல் வீட்டில் இருந்து கொண்டு செல்லப்பட்டவர். திரும்பி வரவில்லை. பெரியம்மாவிடம் ஒரு சொப்பிங் பை இருக்கிறது. அதற்குள் அவர் ஏறி இறங்கிய அலுவலகங்களின் துண்டுகள், பதிவு இலக்கங்கள், சாட்சியம் சொல்ல வரச் சொல்லி வந்த கடிதங்கள். எங்கள் பகுதியில் இப்படிப் பை இல்லாத தெரு குறைவு. இதை வாசிக்கும் உங்களில் பலரது வீட்டு அலுமாரியிலும் ஒன்று இருக்கக்கூடும்.

மருமகள் கொழும்புக்குப் போனாள். சில மாதங்கள் கழித்து வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். ஒரு பழைய ஆங்கிலப் புத்தகத்தின் அட்டை. இலங்கையில் மக்கள் நீதி என்ற கருத்தியல் பற்றியது. எழுதியவர் நீலன் திருச்செல்வம். இவர் யார் மாமா, தமிழரா என்று கீழே கேட்டிருந்தாள்.

அந்தக் கேள்வி எனக்குக் கொஞ்சம் சுட்டது. அந்தப் பெயர் எனக்குப் பத்து வயதில் இருந்து தெரியும். 1999 யூலையில் சந்திக் கடை வானொலியைச் சுற்றிப் பெரியவர்கள் நின்றது நினைவிருக்கிறது. யாரோ ஒருவர் அந்தப் பெயரோடு துரோகி என்ற சொல்லையும் சேர்த்துச் சொன்னார். அந்த மனிதரைப் பற்றி நான் அறிந்த முதல் தகவலும், வெகுகாலம் வரை அறிந்த ஒரே தகவலும் அதுதான். பிறகு ஊடகக் கற்கை படித்தேன். ஒரு மனிதரைப் பற்றிய செய்தியைவிட அவருக்கு ஒட்டப்படும் அடைமொழி எப்படி வேகமாகப் போகிறது என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதினேன். ஆனால் நீலன் எழுதிய ஒரு பக்கத்தையும் வாசித்திருக்கவில்லை. மருமகளுக்குப் பதில் எழுதுவதற்காகத்தான் தேடத் தொடங்கினேன். இந்தக் கட்டுரை அந்தப் பதில்தான், கொஞ்சம் நீண்டுவிட்டது.

நீலன் 1944 ஜனவரி 31ஆம் திகதி பிறந்தார். வளர்ந்ததும் வாழ்ந்ததும் கொழும்பில். றோயல் கல்லூரி மாணவர். தந்தை மு. திருச்செல்வம் பெயர்பெற்ற அப்புக்காத்து, இராணி வழக்கறிஞர். தமிழரசுக் கட்சி டட்லி சேனநாயக்கவின் அரசில் பங்கெடுத்தபோது, 1965இல் செனற் சபை உறுப்பினராக இருந்து உள்ளூராட்சி அமைச்சரானவர். திருகோணமலையில் கோணேசர் கோயில் சூழலைப் புனிதப் பிரதேசமாக்குவது பற்றி ஆராய அவர் ஒரு குழுவை நியமித்தார். பிரதமர் அதை நிறுத்தினார். 1968இல் திருச்செல்வம் பதவியை விட்டு விலகினார். மகனுக்கு அப்போது இருபத்து நான்கு வயது. எழுத்தில் இருக்கும் அதிகாரம் ஒரு தொலைபேசி அழைப்பில் எப்படி இல்லாமல் போகும் என்பதை அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே கண்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

அந்தக் காலத்தில் சட்டம் படிப்பது என்றால் பெரும்பாலும் தொழில் பழகுவதுதான். சட்டக் கல்லூரிக்குப் போய் பிறக்கிராசியாராகவோ அப்புக்காத்தாகவோ வெளியே வருவது. தந்தை செல்வா விஞ்ஞானப் பட்டம் பெற்று, ஆசிரியராக இருந்துகொண்டே சட்டக் கல்லூரி வழியாக வந்தவர். சட்டத்தைப் பல்கலைக்கழகப் பட்டமாகப் படிக்கும் வழி இலங்கைப் பல்கலைக்கழகத்தில் 1947இல்தான் திறந்தது. நீலன் அங்கே மாணவராக இருந்த அறுபதுகளில் அந்தத் துறையின் தலைமகன் பேராசிரியர் தம்பையா நடராஜா. இந்த நாட்டின் சட்டம் ஒரே துணியில் வெட்டியது அல்ல, உரோம டச்சுச் சட்டம், ஆங்கிலச் சட்டம், கண்டியச் சட்டம், தேசவழமை, முஸ்லிம் சட்டம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தது என்பதை வரலாற்றோடு எழுதியவர். அவரது அந்தப் புத்தகம் 1972இல் வந்தது.

தொழில் பழகுபவர் சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பார். பட்டம் படிப்பவருக்கு அந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது, யாருக்காக வந்தது என்று கேட்கவும் கொஞ்சம் நேரம் கிடைக்கும். நீலனுக்கு அந்த நேரம் கிடைத்தது. அவர் படித்த காலத்தில் தரப்படுத்தல் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். எழுபதுகளின் தொடக்கத்தில் மொழிவாரித் தரப்படுத்தல் வந்தது, அதன் பின்னால் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. முதலாவதில் தமிழ் மாணவர் எல்லோரும் அடிபட்டார்கள். இரண்டாவதில் யாழ்ப்பாணம் இழந்தது, மட்டக்களப்பு, மன்னார் போன்ற மாவட்டங்களுக்குச் சில கதவுகள் திறந்தன. யாழ்ப்பாண நண்பர்களிடம் இதைச் சொன்னால் கதை விடியும் வரை போகும், அதனால் இங்கே விட்டுவிடுகிறேன். என் மருமகள் போனது அந்தக் கதவுகளில் ஒன்றால்தான். நீலன் போனது வேறு வாசலால். கொழும்பு, றோயல், ஆங்கிலம், சட்டத்தரணி வீடு.

புல்பிரைட் புலமைப்பரிசிலில் அவர் ஹாவார்ட் சட்டக் கல்லூரிக்குப் போனார். அங்கே முதுமாணிப் பட்டமும் எழுபதுகளின் முற்பகுதியில் கலாநிதிப் பட்டமும் பெற்றார். இலங்கையில் அது மோசமான காலம். 1971 ஏப்ரலில் தெற்கில் ஜே.வி.பி. கிளர்ச்சி நடந்தது. பிடிபட்ட ஆயிரக்கணக்கான சிங்கள இளைஞர்களை விசாரிக்க, வழமையான சாட்சியச் சட்டத்தைத் தளர்த்தி, 1972இல் குற்றவியல் நீதி ஆணைக்குழுக்கள் அமைக்கப்பட்டன. அதே ஆண்டு வந்த குடியரசு யாப்பில், சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு சிறுபான்மையினருக்குத் தந்திருந்த பாதுகாப்பு இல்லாமல் போனது. அப்படிப்பட்ட நேரத்தில் வெளிநாட்டில் படிக்கும் ஒரு தமிழ் மாணவர் அரசியலமைப்பைப் பற்றித்தான் ஆய்வு செய்வார் என்று நாம் எதிர்பார்ப்போம். நீலன் எடுத்தது ஊர் மன்றங்களை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். ஏனென்றால் நீலனைப் பற்றிப் பேசும் யாரும் இங்கே நிற்பதில்லை, எல்லோரும் நேரே தீர்வுப் பொதிக்கும் குண்டுக்கும் போய்விடுகிறார்கள்.

1958இல் இலங்கையில் இணக்க சபைகளுக்கான சட்டம் வந்தது. சபை இருக்கும் ஊரில் சில்லறைக் குற்றமோ காணிப் பிணக்கோ என்றால் நேரே நீதிமன்றம் போக முடியாது. முதலில் ஊர்ச் சபையிடம் போக வேண்டும், அங்கே இணக்கம் வரவில்லை என்ற சான்று இருந்தால்தான் வழக்குப் போடலாம். சட்டத்தரணிக்குக் காசு கொடுக்க இயலாதவனுக்கு நீதி ஊருக்குள்ளேயே கிடைக்கும் என்பது எண்ணம். பழைய சிங்களக் கிராமங்களின் கம்சபாவை மீட்டெடுக்கிறோம் என்ற பெருமையும் அதில் இருந்தது. ஆனால் சபை உறுப்பினர்களை நியமித்தது நீதி அமைச்சர். ஆளும் கட்சி மாறினால் ஊர் நீதிமான்களும் மாறினார்கள். எழுபதுகளின் இறுதியில் அந்தச் சபைகள் இல்லாமல் போயின.

நீலன் ஆராய்ந்தது இத்தகைய மன்றங்களை. மக்களின் நீதி என்று அரசுகள் பெயர் வைத்தவற்றில் மக்கள் எவ்வளவு, அரசு எவ்வளவு என்று பார்த்தார். இல்லாத ஒரு பழைய கிராமத்தைக் கற்பனை செய்து, அதன் பெயரால் மத்திய அதிகாரம் ஊருக்குள் இறங்குவதை அவர் எழுதினார். அந்த ஆய்வு 1984இல் புது டில்லியில் புத்தகமாக வந்தது. மருமகள் படம் பிடித்து அனுப்பியது அதைத்தான்.

அதை வாசித்தபோது எனக்குப் படுவான்கரைதான் நினைவுக்கு வந்தது. சில வருடங்களுக்கு முன் ஒரு செய்திக்காக அங்கே ஒரு மத்தியஸ்த சபை அமர்வுக்குப் போயிருந்தேன். இணக்க சபைகளுக்குப் பதிலாக 1988ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தவை இவை. பாடசாலை வகுப்பறை ஒன்றில், சின்னப் பிள்ளைகளின் வாங்கில்களில் ஓய்வுபெற்ற அதிபரும் இன்னும் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருடைய மாடுகள் இன்னொருவருடைய வேளாண்மைக்குள் இறங்கிவிட்டன என்பது பிணக்கு. வட்டை விதானை வந்து எந்த வரம்பால் மாடு இறங்கியது என்று சொன்னார். அரை மணித்தியாலத்தில் முடிந்தது. அடுத்ததாக வந்த பெண் தன் காணியில் நெடுநாளாக யாரோ வேலி போட்டு வைத்திருப்பதாகச் சொன்னார். யார் என்று கேட்டதற்குப் பெயர் சொல்லப் பயந்தார். சபை அதை எடுக்க முடியாது என்று சொல்லி அனுப்பியது. மாட்டுக்கு நீதி இருந்த அந்த அறையில் வேலிக்கு இருக்கவில்லை. அன்று எனக்கு அது ஒரு சுவையான செய்தித் துணுக்காக மட்டும்தான் தெரிந்தது.

மட்டக்களப்புக்கென்றே ஒரு சட்டம் இருந்ததை நம்மில் பலர் மறந்துவிட்டோம். முக்குவர் சட்டம். சொத்து தாய்வழியே, சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும் மரபு. கிறிஸ்தோபர் பிரிட்டோ என்ற வழக்கறிஞர் 1876இல் அதைப் புத்தகமாக எழுதினார். அதே ஆண்டு வந்த வாரிசுரிமைக் கட்டளைச் சட்டத்தோடு அது செல்லுபடியற்றுப் போனது. எழுதப்பட்ட ஆண்டிலேயே முடிந்துபோன சட்டம். யாழ்ப்பாணத்துத் தேசவழமை 1707இல் ஒல்லாந்தர் தொகுத்ததால் இன்றும் நீதிமன்றத்தில் நிற்கிறது. எங்கள் வழமை கோயில் குடிமுறையிலும், வண்ணக்கர் தெரிவிலும், பெண் பிள்ளைக்கு வீடு எழுதுவதிலும் மட்டும் மிஞ்சியிருக்கிறது. பழைய சட்டப்படி பார்த்தால் என் சொத்துக்கு உரிமையாளர் இந்த மருமகள்தான். சொத்து என்று இருப்பது ஒரு கமராவும் மோட்டார் சைக்கிளும்.

நீலன் நாடு திரும்பிச் சட்டத்தொழில் செய்தார். அவரது மனைவி சிதியும் சட்டத்தரணி. அவர் பாராளுமன்ற அரசியலுக்கு வந்தது தமிழர் விடுதலைக் கூட்டணி வழியாக. 1979இல் ஜே. ஆர். ஜெயவர்த்தன மாவட்ட அபிவிருத்திச் சபைகள் பற்றி ஆராய நியமித்த ஆணைக்குழுவில் நீலனும் பேராசிரியர் ஏ. ஜே. வில்சனும் இருந்தார்கள். அதன் விளைவாக வந்த சபைகளுக்கான தேர்தல் 1981 யூன் 4இல். அந்தத் தேர்தலை ஒட்டிய நாட்களில்தான் யாழ் நூலகம் எரிந்தது. 1983இல் வட்டுக்கோட்டைத் தொகுதிக்கு ஏற்பட்ட வெற்றிடத்துக்கு நீலன் உறுப்பினரானார். அதே ஆண்டு ஒகஸ்டில் ஆறாவது திருத்தம் வந்தது. தனிநாட்டை ஆதரிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்ய மறுத்த கூட்டணி உறுப்பினர்கள் ஆசனங்களை இழந்தார்கள். ஒரு சட்டத்தால் வீட்டுக்கு அனுப்பப்பட்ட சட்ட மாணவர் அவர்.

1982இல் அவர் இரண்டு நிறுவனங்களை உருவாக்குவதில் முன்னின்றார். ஒன்று இனத்துவக் கற்கைகளுக்கான சர்வதேச நிலையம், மற்றது சட்டம் சமூக அறக்கட்டளை. இன்று கொழும்பில் மனித உரிமை பற்றி வேலை செய்யும் பலர் இந்த இரண்டில் ஒன்றின் வாசலால் வந்தவர்கள். பெண்களுக்கு எதிரான வன்முறை பற்றிய ஐ.நா. விசேட அறிக்கையாளராக இருந்த ராதிகா குமாரசுவாமி முதலாவது நிலையத்தின் பணிப்பாளராக இருந்தவர். அவசரகாலச் சட்டம், பயங்கரவாதத் தடைச்சட்டம் பற்றியெல்லாம் சட்ட மாணவர்கள் இன்று எடுத்து வாசிக்கும் கட்டுரைகளில் ஒரு பகுதி அங்கே பிறந்தது. அநேகமாக எல்லாம் ஆங்கிலத்தில். இதை ஒரு குறையாகவே சொல்கிறேன். கொக்கட்டிச்சோலையில் என்ன நடந்தது என்பதை கொழும்பில் ஆங்கிலத்தில் வாசிக்கலாம், கொக்கட்டிச்சோலையில் தமிழில் வாசிக்க முடியாது என்ற நிலை நீண்டகாலம் இருந்தது.

கொக்கட்டிச்சோலை என்று சொன்னதால் அதையும் சொல்கிறேன். 1991 யூன் 12ஆம் திகதி மகிழடித்தீவில் கண்ணிவெடியில் படையினர் இறந்ததைத் தொடர்ந்து மக்கள் கொல்லப்பட்டார்கள். அரசு ஓர் ஆணைக்குழு வைத்தது. 67 பேர் கொல்லப்பட்டதை அது ஏற்றுக்கொண்டது. இராணுவ நீதிமன்றம் நடந்தது. கட்டளை அதிகாரி படையினரைக் கட்டுப்படுத்தத் தவறியதற்கும் உடல்களை முறைகேடாக அகற்றியதற்கும் குற்றவாளியானார். கொலைக்காக ஒருவரும் குற்றவாளியாகவில்லை. வந்தாறுமூலை வளாகத்தில் தஞ்சமடைந்திருந்தவர்களில் 158 பேர் 1990 செப்ரெம்பரில் கொண்டு செல்லப்பட்டார்கள். அதையும் பின்னர் ஓர் ஆணைக்குழு விசாரித்துப் பதிவு செய்தது. சட்டம் எங்கள் பக்கம் வந்தது, எண்ணியது, எழுதியது, திரும்பிப் போனது. பெரியம்மாவின் கேள்வி இந்த மண்ணில் இருந்துதான் வருகிறது.

1994 பொதுத் தேர்தலில் நீலன் தேசியப் பட்டியல் உறுப்பினராக மீண்டும் பாராளுமன்றம் போனார். இதில் நாம் கவனிக்காத ஒன்று இருக்கிறது. அந்தத் தேர்தலில் கூட்டணிக்குக் கிடைத்தது ஐந்து ஆசனங்கள். மூன்று மட்டக்களப்பில், ஒன்று திருகோணமலையில், ஐந்தாவது தேசியப் பட்டியல். அதாவது கொழும்பு நீலனைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய வாக்குகளில் பெரும்பங்கு கிழக்கில் இருந்து போனது. சோதனைச் சாவடிகளைத் தாண்டி வரிசையில் நின்ற எங்கள் தாய் தகப்பன்மார் போட்ட வாக்குகள். அவரை அவர்களுக்கு எவ்வளவு தெரிந்திருந்தது என்பது வேறு கதை.

அந்த ஐந்து பேரில் மூவர் கொல்லப்பட்டார்கள். திருகோணமலை உறுப்பினர் தங்கத்துரை 1997 யூலை 5இல் ஒரு பாடசாலை நிகழ்வில். நீலன் 1999இல். மட்டக்களப்பின் ஜோசப் பரராஜசிங்கம் 2005 நத்தார் நள்ளிரவுத் திருப்பலியில், மரியாள் பேராலயத்துக்குள். ஜோசப்பின் வழக்கைத் தொடரப் போவதில்லை என்று சட்டமா அதிபர் அறிவித்ததும், 2021 ஜனவரியில் மட்டக்களப்பு மேல் நீதிமன்றம் எதிரிகளை விடுவித்தது. அந்த நீதிமன்றத்தைத் தாண்டித்தான் நான் வேலைக்குப் போய் வருகிறேன்.

சந்திரிகா அரசின் தீர்வு யோசனை 1995 ஒகஸ்ட் 3இல் வெளியானது. பேராசிரியர் ஜி. எல். பீரிசோடு சேர்ந்து அதை வரைந்தவர் நீலன் என்பது எல்லோருக்கும் தெரிந்த விசயம். ஒற்றையாட்சி என்ற சொல்லை விட்டு, பிராந்தியங்களின் ஒன்றியம் என்று இலங்கையைச் சொல்லத் துணிந்த முதல் அரச ஆவணம் அது. காணியும் சட்டம் ஒழுங்கும் பிராந்தியத்துக்குப் போகும் என்றது. அடுத்தடுத்த வரைவுகளில் அது நீர்த்துப் போனது.

அவரை எதிர்த்தவர்களுக்குக் காரணம் இருக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். அந்த யோசனை வருவதற்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான் நவாலித் தேவாலயத்தில் குண்டு விழுந்தது. அது வந்து மூன்று மாதத்துக்குள் யாழ்ப்பாணம் முழுவதும் நடந்து தென்மராட்சிக்குப் போனது. குண்டு போடும் அரசோடு மேசையில் இருந்து வசனம் திருத்துகிறாரே என்று ஒரு தாய்க்குக் கோபம் வந்தால் அது நியாயமான கோபம்தான். நீலனுக்கும் அது தெரியாமல் இருந்திருக்காது. அவர் தேர்ந்த வழி அதுதான், எழுதி வைப்பது. போர் எப்படி முடிந்தாலும் ஒரு நாள் யாராவது காகிதத்தை எடுக்க வேண்டி வரும், அப்போது காகிதத்தில் என்ன இருக்கிறது என்பது முக்கியம் என்று அவர் நம்பியதாக எனக்குப் படுகிறது. இந்த நம்பிக்கையை நான் முழுதாக ஏற்கவில்லை. ஆனால் கோபத்துக்கும் கொலைக்கும் இடையில் ஒரு தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தை எங்கள் பத்திரிகைகள் சில அந்த வருடங்களில் ஒரு சொல்லால் நிரப்பின. பத்து வயதில் கடை வாசலில் என் காதில் விழுந்த சொல் அது.

பாராளுமன்றத்தில் மாதாமாதம் அவசரகாலச் சட்டம் நீடிப்புக்கு வரும். அந்த விவாதங்களில் நீலன் பேசினார். சத்தமாகப் பேசும் மனிதர் அல்ல. 1999 யூனில் அவர் ஆற்றிய கடைசி அவசரகால உரை உயிரைப் பற்றியது. உயிருக்குப் பெறுமதி இல்லாத இடத்தில் மற்ற உரிமைகளுக்கு அர்த்தமில்லை என்பதும், சாவைப் போற்றக்கூடாது என்பதும் அதன் சாரம். அது அரசுக்கு மட்டும் சொன்னது அல்ல என்பது கேட்டவர்களுக்கு விளங்கியிருக்கும்.

யூலை 29, வியாழக்கிழமை காலை. வீட்டில் இருந்து அலுவலகத்துக்குப் போகும் வழி. கின்சி வீதியும் ரொஸ்மிட் பிளேசும் சந்திக்கும் இடத்தில் அவரது காரின் மேல் ஒரு தற்கொலைக் குண்டுதாரி பாய்ந்தார். நீலனுக்கு 55 வயது. அந்த ஆண்டு ஹாவார்ட்டில் கற்பிக்கப் போக இருந்தவர். விடுதலைப் புலிகள் பொறுப்பேற்கவில்லை. ஆனால் இதைச் செய்தவர்கள் அவர்கள்தான் என்பதில் அவரை அறிந்தவர்களுக்கும், மனித உரிமை அமைப்புகளுக்கும், உண்மையைச் சொன்னால் அன்று கடை வாசலில் நின்றவர்களுக்கும் சந்தேகம் இருக்கவில்லை. குண்டோடு வந்தவரும் ஏதோ ஒரு வீட்டின் பிள்ளை. அந்த வீட்டிலும் ஒரு பை இருக்கலாம்.

அவர் வேலை செய்த யாப்பு மசோதா அடுத்த ஆண்டு ஒகஸ்ட் 3இல் பாராளுமன்றத்துக்கு வந்தது. சபைக்குள்ளேயே எதிர்க்கட்சியினர் அதன் பிரதிகளை எரித்தார்கள். வாக்கெடுப்பு நடக்கவில்லை. தமிழர் ஒருவர் இது போதாது என்பதற்காகக் கொல்லப்பட்டார். ஒரு வருடம் கழித்து இது கூடிப்போனது என்பதற்காக அதே காகிதம் எரிந்தது.

அவரது பெயரில் ஓர் அறக்கட்டளை இருக்கிறது, கொழும்பில் நினைவுப் பேருரைகள் நடக்கின்றன. மட்டக்களப்பில் அவர் பெயரில் தெருவோ சிலையோ நான் கண்டதில்லை. அது பெரிய குறை என்றும் எனக்குத் தோன்றவில்லை. அவரது புத்தகம் தமிழில் இருந்திருந்தால் அந்த மத்தியஸ்த சபை அதிபர் அதை விரும்பி வாசித்திருப்பார் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன்.

சித்திரை வருடத்துக்கு மருமகள் வந்திருந்தாள். விறாந்தையில் அதே ஆட்கள். அந்தப் புத்தகத்தில் இருந்து போட்டோப் பிரதி எடுத்த பக்கங்களை மடியில் வைத்துக்கொண்டு பெரியம்மாவுக்கு நீலனைப் பற்றிச் சொன்னாள். என்னைவிட நன்றாகச் சொன்னாள். பெரியம்மா ஒவ்வொன்றாகக் கேட்டார். எந்த ஊர், எந்தப் பக்கம், பிள்ளைகள் எத்தனை. இரண்டு ஆண் பிள்ளைகள் என்றாள். அவ்வளவு படித்தவரைக் கொன்றதற்குச் சட்டம் என்ன செய்தது என்று பெரியம்மா கேட்டபோது அவளிடம் பதில் இருக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

பெரியம்மா எழுந்து உள்ளே போனார். கோபித்துக்கொண்டார் என்றுதான் நினைத்தோம். சொப்பிங் பையோடு திரும்பி வந்து அதை மருமகளின் மடியில் வைத்தார்.

அவள் பாய் விரித்து எல்லாத் துண்டுகளையும் திகதி வாரியாக அடுக்கினாள். மாலை வரை ஆனது. பெரியப்பாவின் பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருப்பதைக் கண்டுபிடித்தாள். ஒரு கடிதத்தில் 1990க்குப் பதிலாக 1991 என்று இருந்தது. ஒரு பதிவு இலக்கம் இரண்டு கடிதங்களில் வேறு வேறாக வந்திருந்தது. எல்லாவற்றையும் பென்சிலால் ஒரு கொப்பியில் குறித்தாள். பெயரை முதலில் ஒரே மாதிரித் திருத்த வேண்டும், இல்லாவிட்டால் மூன்று பேராக எண்ணுவார்கள் என்றாள். பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தக் கொப்பியை வாங்கி, பெயரை எப்படி எழுத வேண்டும் என்று தன் கையால் எழுதிக் காட்டினார்.